பதின்மூன்றாவது பிட்

இயந்திரத்தைத் தொடங்கிய சில நொடிகளில் என் கணினியின் மின்விசிறி இரையத் தொடங்கும். உள்ளே ஓடும் இயங்குதளம் நெட்வொர்க்கில் நாலைந்து தரவுப் பொட்டலங்களை அனுப்பும், பதிலுக்கு வந்தவற்றை வாங்கிக்கொள்ளும். பிறகு சட்டென்று எல்லாம் நின்றுவிடும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது, வராது. இரைந்துகொண்டிருந்த மின்விசிறியும் மெல்ல அடங்கும். சிறிது நேரம் கழித்து நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் காத்திருந்து அலுத்துப்போய் அட்டையை மீட்டமைக்கும். உடனே மீண்டும் இரைச்சல், மீண்டும் நாலைந்து பொட்டலங்கள், மீண்டும் மௌனம்.

இது நடந்தது, ஒரு கணினியை நிரலாலேயே போலச்செய்யும், நானே எழுதிய எமுலேட்டரில். லினக்ஸ் கெர்னலின், அதாவது அந்த இயங்குதளக் கருவின், கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதியின்மேல் கட்டிய சிறிய மெய்நிகர் இயந்திர நிரல் அது. செயலியையும் அதோடு ஒட்டி, அதற்கு வரும் குறுக்கீடுகளை (செயலியின் கவனத்தைக் கோரும் அழைப்புகளை) வாங்கும் உள்ளக ஏபிக்கையும் கெர்னல் பார்த்துக்கொள்ளும். வெளிச் சாதனங்களின் குறுக்கீடுகளைத் திரட்டிச் செயலிக்கு அனுப்பும் ஐஓ-ஏபிக்கை மட்டும் என் நிரலிலேயே எழுதியிருந்தேன். கேவிஎம் இப்படிப் பாதியைத் தன்னிடமும் பாதியை நம்மிடமும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பல மாதங்கள் அதில் லினக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வேறொரு பழைய இயங்குதளத்தை ஏற்றிய அன்றுதான் இந்த இரைச்சலும் மௌனமும் வந்தன.

காரணம் ஒரே ஒரு வரி. சாதனம் தரும் நிலையைத் (0 அல்லது 1) துருவ பிட்டோடு எக்ஸ்-ஆர் செய்யும் வரி: அந்த பிட் 1 என்றால் நிலை தலைகீழாகும், 0 என்றால் மாறாது. சிப்பின் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்து, சரியென்று நம்பி எழுதியது. அதை நீக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. நீக்குவது ஏன் சரி என்று எனக்கு நானே நிறுவிக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

ஒரு சாதனம் செயலியின் கவனத்தைக் கோரும்போது ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. எந்தப் பக்கம் மாற்றினால் அது கோரிக்கை என்பதுதான் துருவம். உயர்ந்தால் அழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம், தாழ்ந்தால் அழைப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எதுவும் இயற்கை விதி அன்று. கம்பியின் இரு முனைகளில் இருப்பவர்களும் ஒன்றையே நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெலின் 8259ஏ என்ற குறுக்கீட்டுச் சிப் ஒன்று இருந்தது, எட்டு கம்பிகள். 1984-இல் வந்த ஏடி இரண்டாவது 8259ஏ-யைச் சேர்த்து, முதல் சிப்பின் ஒரு கம்பியை இரண்டாவதன் இணைப்புக்கே கொடுத்தது. ஆக 15 கம்பிகள் மிஞ்சின. அந்தக் கணினிகளில் அட்டைகளை இணைத்த, பின்னாளில் ஐஎஸ்ஏ என்று பெயர் பெற்ற பாட்டையில் கம்பி தாழ்விலிருந்து உயரும் அந்த விளிம்புதான் அழைப்பு. ஒரு கம்பியை இரண்டு அட்டைகள் பகிர்ந்துகொள்ள அதில் நம்பகமான வழி இல்லை. ஒன்று உயர்த்தி வைத்திருக்கும்போது மற்றது உயர்த்தினால் புதிய விளிம்பே உண்டாகாது, அழைப்பு தொலைந்துவிடும்.

1992-இல் முதல் வடிவம் பெற்ற பிசிஐ என்ற பாட்டை இதைத் தலைகீழாக்கியது. அதன் நான்கு குறுக்கீட்டுக் கம்பிகளும் தாழ்ந்தால் அழைப்பு, அதுவும் விளிம்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பவை. ஒரு மின்தடை கம்பியை எப்போதும் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். சாதனத்துக்குக் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். மேலே தள்ளத் தெரியாது. அதனால் எத்தனை சாதனங்கள் ஒரே கம்பியில் தொங்கினாலும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளிச் சிப்பைச் சுட்டுவிடாது. ஒருவர் இழுத்தாலும் கம்பி தாழும். எல்லோரும் விட்டால்தான் எழும். பகிர்வதற்கு இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே தாய்ப்பலகையில் வாழ வேண்டிவந்தபோது, இரண்டையும் கேட்கத் தெரிந்த ஒரு சிப் தேவைப்பட்டது. இன்டெலின் 82093ஏஏ ஐஓ-ஏபிக்குக்கு 24 குறுக்கீட்டுக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் 64 பிட் அகலத்தில் ஒரு பதிவு. அதில் 16-ஆவது பிட் காலை மூடி வைக்கும். 15-ஆவது பிட் விளிம்பா நிலையா என்று சொல்லும். 14-ஆவது, அனுப்பிய குறுக்கீட்டுக்குச் செயலி இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்திருக்கும். 13-ஆவது பிட் துருவம்: 0 என்றால் உயர்ந்தால் அழைப்பு, 1 என்றால் தாழ்ந்தால் அழைப்பு.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் அந்த எக்ஸ்-ஆர் வரியை எழுதினேன். 13-ஆவது பிட் 1 என்றால் நிலையைத் திருப்பிப் போடு. சிப் அதைத்தானே செய்கிறது?

நெட்வொர்க் நின்றுபோன அன்று, ஐஓ-ஏபிக்குள் நுழையும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கோப்பில் எழுதச் செய்தேன். கோப்பு ஒரு நொடிக்குள் வீங்கிவிட்டது. அதில் பெரும்பகுதி ஒரே வரி, ஆயிரக்கணக்கான முறை: கால் 11, சாதனம் 0, துருவம் 1, முடிவு 1. நடுநடுவே அட்டை உண்மையாகவே அழைத்த வரி: கால் 11, சாதனம் 1, துருவம் 1, முடிவு 0. கோப்பின் கடைசி வரியும் அதுதான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்தக் கடைசி வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை அழைக்கிறது, முடிவு 0. அட்டை சும்மா இருக்கிறது, முடிவு 1. நான் கட்டியிருந்தது அப்படியே தலைகீழான ஓர் உலகம். அட்டைக்கு ஒன்றும் வேண்டாத நேரமெல்லாம் செயலியை அழைத்துக்கொண்டே இருக்கும். அட்டை வாய் திறந்தால் வாயைப் பொத்திவிடும்.

அப்படியானால் அந்த நாலைந்து பொட்டலங்கள் எப்படிப் போயின? இதை அவிழ்த்தபோதுதான் நிலைத் தூண்டல் (விளிம்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது) எனக்கு உண்மையில் புரிந்தது என்று சொல்ல வேண்டும்.

காலைத் திறந்தவுடன் முடிவு 1. குறுக்கீடு போகிறது. டிரைவர் ஓடிவந்து, ஏன் அழைத்தது என்று சொல்லும் அட்டையின் காரண ரெஜிஸ்டரைப் படிக்கிறது. நான் போலச்செய்தது பழைய இன்டெல் இ1000 அட்டையை. அதன் காரண ரெஜிஸ்டரைப் படித்தாலே அது அழிந்துவிடும், கம்பியும் விடுபடும். படித்தால் 0. தனக்கு வேலை இல்லை என்று டிரைவர் திரும்பிப் போகிறது. இயங்குதளம் குறுக்கீடு முடிந்தது என்று அறிவிக்கிறது. ஆனால் முடிவு இன்னும் 1. எனவே உடனே அடுத்த குறுக்கீடு. இப்படிச் செயலி முழுவதும் இதிலேயே செலவாகிறது. இரைச்சலின் காரணம் இது.

இந்தப் புயலுக்கு நடுவில் அட்டைக்கு ஒரு பொட்டலம் வருகிறது. அந்தக் கணத்தில் டிரைவர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், காரண ரெஜிஸ்டரை இன்னும் படிக்காமல் இருந்தால், பொட்டலம் வந்ததைப் பார்த்துவிடும்; எடுத்துக்கொள்ளும்; கம்பி விடுபடும்; புயல் தொடரும். வேலை நடந்துவிட்டது, தவறான காரணத்தால். டிரைவர் படித்து முடித்த பிறகு, முடிந்தது என்று அறிவிப்பதற்கு முன், அந்த மெல்லிய இடைவெளியில் பொட்டலம் வந்தால் கதை வேறு. அட்டை 1 என்கிறது, முடிவு 0 ஆகிறது. அறிவிப்பு வருகிறது, ஐஓ-ஏபிக் பார்க்கிறது, யாரும் அழைக்கவில்லை. குறுக்கீடு இல்லை. குறுக்கீடு இல்லாததால் டிரைவர் வராது. டிரைவர் வராததால் அட்டை 1-லேயே நிற்கும். 1-லேயே நிற்பதால் முடிவு என்றைக்கும் 0. மின்விசிறி அடங்குகிறது. அட்டையை மீட்டமைத்தால் மட்டுமே 0-க்குத் திரும்பி மீண்டும் புயல் கிளம்பும்.

ஆக, அந்த நாலைந்து பொட்டலங்கள் குறுக்கீட்டால் போகவில்லை. இடைவிடாத புயல், அட்டையை ஓயாமல் எட்டிப்பார்க்கும் வேலையைத் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது. இந்த வகைப் பிழையை நான் மிகவும் அஞ்சுகிறேன். முற்றிலும் ஓடாத நிரல் நேர்மையானது. பாதி ஓடும் நிரல் நம்மை வேறெங்கோ தேட வைக்கிறது. நானும் ஐந்து நாள் அட்டையின் பொட்டல வரிசையைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

லினக்ஸ் ஏன் மாதக்கணக்கில் நன்றாக ஓடியது என்பதற்கு விடை எளிது. இயந்திரத்தின் கம்பிகள் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்பதை ஏசிபிஐ அட்டவணைகள் இயங்குதளத்துக்குச் சொல்கின்றன. குறுக்கீட்டுக் கம்பி ஒன்றின் இயல்பை மாற்றிச் சொல்லும் பதிவில் ஒரு கொடிப் புலம் உண்டு: கீழிரண்டு பிட்டுகள் துருவம், அடுத்த இரண்டு பிட்டுகள் தூண்டல் வகை. நிலைத் தூண்டல், உயர்ந்தால் அழைப்பு என்பதன் மதிப்பு 13. கியூஎம்யு என்ற எமுலேட்டர் தன் பழைய பிசி மாதிரியில் 5, 9, 10, 11 ஆகிய கம்பிகளுக்கு இந்த 13-ஐத்தான் எழுதுகிறது. நானும் அதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன். லினக்ஸ் அட்டவணையை மதித்தது. துருவ பிட்டில் 0 எழுதியது. 0-வோடு எக்ஸ்-ஆர் செய்தால் எதுவும் மாறாது. என் வரி அங்கேயே இருந்தது, ஒருமுறைகூட வேலை செய்யாமல்.

புதிதாக ஏற்றிய இயங்குதளம் அட்டவணையின் துருவத்தைக் கேட்கவில்லை. பிசிஐ என்றால் தாழ்ந்தால் அழைப்பு என்று முடிவுசெய்து 1 எழுதியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான பலகைகளில் பிசிஐ கம்பி தாழ்ந்தால் அழைப்பு என்பது விதி. லினக்ஸும் பிசிஐ கம்பிக்கு எக்ஸ்86 வகைச் செயலிகளில் வேறொன்றும் சொல்லப்படாவிட்டால் தாழ்ந்தால் அழைப்பு என்றே எடுத்துக்கொள்கிறது.

என் ஊகத்தைச் சோதிக்க, அட்டவணைகளில் இருந்த உயர்வை வேண்டுமென்றே தாழ்வாக மாற்றி, 13 இருந்த இடத்தில் 15 எழுதி, லினக்ஸைத் தொடங்கினேன். அதே இரைச்சல். சிறிது நேரத்தில் கெர்னல் பதிவில் வந்து விழுந்தது, 11-ஆம் குறுக்கீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற புகழ்பெற்ற அந்த எச்சரிக்கை. ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் உரிமை கோர ஆளில்லாமல் போனால் லினக்ஸ் அந்தக் கம்பியையே அடைத்துவிடுகிறது. பிழையை வரவழைத்துப் பார்த்துவிட்டேன் என்ற நிம்மதியோடு அன்று தூங்கினேன்.

ஆனால் வரியை நீக்க உடனே கை வரவில்லை. சிப் செய்வதை நான் செய்யாமல் விடுவது போலச்செய்தலில் நேர்மைக் குறைவு அல்லவா என்று உறுத்தியது. இங்கேதான் அந்த இரண்டு வாரத்தின் பெரும்பகுதி போயிற்று.

எமுலேட்டருக்குள் கம்பி கிடையாது. மின்னழுத்தம் கிடையாது. ஒரு செயற்கூறு இன்னொன்றை ஓர் எண்ணோடு அழைக்கிறது, அவ்வளவே. அந்த எண்ணுக்கு என்ன பொருள்? என் நெட்வொர்க் அட்டை 1 என்று அனுப்பியபோது, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லியது. என் ஐஓ-ஏபிக் அதே 1-ஐ வாங்கியபோது, கம்பி உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டது. ஒரே கம்பியின் ஒரு முனையில் கோரிக்கையின் மொழி, மறுமுனையில் மின்னழுத்தத்தின் மொழி. எக்ஸ்-ஆர் வரி தன்னளவில் தவறில்லை. அட்டையும் மின்னழுத்தத்தின் மொழியைப் பேசி, அழைக்கும்போது 0 அனுப்பியிருந்தால், அந்த இயங்குதளத்தில் எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

இல்லாமல் இல்லை என்றால் இருக்கிறது என்று பொருள். இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து வந்தால் தமிழில் ஒருவரும் குழம்புவதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் கண்ணெதிரே நிற்கின்றன. ஓர் எதிர்மறையை ஒரு கோப்பிலும் மற்றதை இன்னொரு கோப்பிலும் எழுதிவைத்துவிட்டால்தான் ஆபத்து. ஒன்றை மறந்துவிட்டு மற்றதை மட்டும் எழுதியவன் நான்.

சரி, எல்லாச் சாதனங்களையும் மின்னழுத்தத்தின் மொழியில் பேச வைத்துவிடலாமா? முயன்று பார்த்தேன். முதல் தடை, நிரல் தொடங்கும்போதே வந்தது. நினைவகத்தை ஒதுக்கினால் எல்லாம் 0. தாழ்ந்தால் அழைப்பு எனும் உலகில் 0 என்பதே அழைப்பு. எந்தச் சாதனமும் உயிர் பெறுவதற்கு முன்பே எல்லாக் கம்பிகளும் கூச்சலிடுகின்றன. பலகையில் அந்த மின்தடை செய்யும் வேலையை நான் கையால் செய்ய வேண்டும்: ஒவ்வொரு கம்பியையும் முதலில் 1-க்கு உயர்த்த வேண்டும், மீட்டமைக்கும்போதும் சரியான வரிசையில் உயர்த்த வேண்டும், சேமித்த இயந்திரத்தை மீண்டும் எழுப்பும்போதும் மறக்கக் கூடாது. சாதனமே செருகப்படாத கம்பிக்கும் யாராவது 1 எழுதியாக வேண்டும்.

இரண்டாவது தடை பகிர்வு. ஒரே கம்பியில் மூன்று சாதனங்கள் இருந்தால், மின்னழுத்தத்தின் மொழியில் கம்பியின் நிலை மூன்றின் உம்மை: மூன்றும் 1 என்றால்தான் 1. கோரிக்கையின் மொழியில் அது மூன்றின் அல்லது: ஏதேனும் ஒன்று கேட்டாலே 1. டி மார்கன் விதி சொல்வதுபோல இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்தாம். ஆனால் திருப்பிப் போடுவதை இணைப்பதற்கு முன் செய்கிறோமா பின் செய்கிறோமா என்பதில் ஒரு படி தவறினால் விடை தவறிவிடும். இந்த இடத்தில் கியூஎம்யுவின் பிசிஐ பகுதி செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது கம்பியின் நிலையைச் சேமிப்பதே இல்லை. இந்தக் கம்பியில் இப்போது எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். எண்ணிக்கை 0 அல்லாத வரை கோரிக்கை உண்டு. எண்ணிக்கைக்குத் துருவம் கிடையாது. எத்தனை பேர் கேட்கவில்லை என்று யாரும் எண்ணிவைப்பதில்லை.

மூன்றாவது தடை, நான் எதிர்பாராதது. துருவ பிட்டை மதிக்கிறோம் என்றால், இயங்குதளம் அந்த பிட்டை மாற்றும் கணத்திலேயே கம்பியின் முடிவும் மாறுகிறது, சாதனம் ஒன்றும் செய்யாமலேயே. எனவே பதிவில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் காலின் நிலையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 64 பிட் பதிவை இயங்குதளம் 32 பிட்டுகளாக இரண்டு தவணையில் எழுதுகிறது. லினக்ஸ் மேல்பாதியை முதலில் எழுதி, மூடியும் துருவமும் இருக்கும் கீழ்ப்பாதியைப் பிறகு எழுதுகிறது. அதனால் அங்கே சிக்கல் இல்லை. எல்லா இயங்குதளங்களும் அதே ஒழுங்கில் எழுதும் என்பதற்கு உறுதி இல்லை.

என் வரியை நீக்கத் துணிந்த பிறகுதான் கேவிஎம்மின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கெர்னலுக்குள் இருக்கும் அதன் சொந்த ஐஓ-ஏபிக்கிலும் அதே வரி இருந்திருக்கிறது. நிலையைத் துருவத்தோடு எக்ஸ்-ஆர் செய்யும் அதே வரி. 2014-இல் அதை நீக்கியிருக்கிறார்கள். காரணம் ஏறக்குறைய நான் முட்டிக்கொண்ட அதே சுவர்: கியூஎம்யுவும் கேவிஎம்மும் 1 என்றால் கோரிக்கை என்ற எண்ணத்தின்மேலேயே நெடுங்காலமாகப் பல குறுக்குவழிகளைக் கட்டிவிட்டன, அட்டவணையை மதிக்காமல் தாழ்வைத் தேர்ந்தெடுக்கும் இயங்குதளம் வந்தால் அவை எல்லாம் பொய்த்துப்போகின்றன. எனவே உள்ளிருக்கும் இயங்குதளம் துருவ பிட்டில் எதை எழுதினாலும் கேவிஎம் அதைப் பொருட்படுத்தாது என்று முடிவாயிற்று. அது மட்டுமல்லாமல், துருவம் புறக்கணிக்கப்படுகிறது என்று வெளி நிரல்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒரு தனி அடையாளத்தையும் வைத்தார்கள். தாழ்ந்தால் அழைப்பைக் கையாளும் பகுதி பயன்படாமல் கிடந்து பழுதாகிவிட்டது என்று கெர்னல் ஆவணம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. குறுக்கீட்டுக் கம்பியை அசைக்கும் அழைப்பின் விளக்கத்தில் 1 என்றால் எப்போதும் கோரிக்கை, 0 என்றால் கோரிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடக்கத்திலேயே நான் படித்திருந்தேன். அது கெர்னலின் பகுதிக்கு மட்டும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் குறுக்குவழிகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையான கம்பி வருகிறது. புரவலன் கணினியில், அதாவது மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் நிஜக் கணினியில், செருகிய நிஜ பிசிஐ அட்டையை மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம். அட்டை தன் கம்பியை உண்மையாகவே தாழ்த்துகிறது. அதைப் பெறுவது புரவலனின் கெர்னல். அது அட்டையின் குறுக்கீட்டை அப்போதைக்கு அடைத்துவிட்டு, ஒரு நிகழ்வுக் கோப்பின் வழியே கேவிஎம்முக்குச் செய்தி சொல்கிறது. கேவிஎம் மெய்நிகர் காலில் 1 வைக்கிறது. உள்ளே இயங்குதளம் முடிந்தது என்று அறிவித்தவுடன் கேவிஎம் காலை 0 ஆக்கி, மறுபடி பார்க்கும்படி திருப்பிச் செய்தி அனுப்புகிறது. அட்டை மீண்டும் திறக்கப்படுகிறது. இன்னும் கம்பி தாழ்ந்திருந்தால் சுற்று மறுபடி தொடங்கும். நிஜ மின்னழுத்தம் புரவலனின் சிப்செட்டோடு (பலகையில் செயலியையும் சாதனங்களையும் இணைக்கும் சிப்புகளோடு) நின்றுவிடுகிறது. அதற்குமேல் பயணம் செய்வது கோரிக்கை மட்டும்.

நிஜ சிப்செட்டுகளே இதைச் செய்கின்றன என்று பிறகு கவனித்தேன். 8259-க்குத் தாழ்ந்தால் அழைப்பு என்பதே தெரியாது. இன்டெலின் ஐசிஹெச் வகைச் சிப்செட்டுகள் பிசிஐ கம்பியை உள்ளே வாங்கும்போதே திருப்பிப் போட்டு, உயர்ந்த நிலையாக்கித்தான் 8259-க்குக் கொடுக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது கம்பியே போய்விட்டது. கோருகிறேன் என்று ஒரு செய்தி, விட்டுவிட்டேன் என்று ஒரு செய்தி. எம்எஸ்ஐ என்ற செய்திவழிக் குறுக்கீட்டில் அந்த இரண்டாவது செய்தியும் இல்லை, ஒரு முகவரியில் எழுதினால் அதுவே குறுக்கீடு. அங்கெல்லாம் துருவம் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் துருவத்தைப் புறக்கணிக்கலாம் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டால் நான் மனம் வருந்துவேன். எனக்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது: உள்ளே ஓடும் நிரல் கம்பியின் மின்னழுத்தத்தைப் படித்துப் பார்க்க முடியுமா? ஐஓ-ஏபிக்கில் முடியாது. 24 காலில் எது உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும் ரெஜிஸ்டர் அதில் இல்லை. ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்061 போன்ற, பொதுப் பயன்பாட்டுக் கால்களைத் தரும் ஜிபிஐஓ சிப்பில் முடியும். அதே கால் குறுக்கீட்டுக்கும் பயன்படும், அதன் நிலையைத் தரவு ரெஜிஸ்டரில் படிக்கவும் முடியும். உயர்வா தாழ்வா என்று தேர்ந்தெடுக்க அதற்கென ஒரு ரெஜிஸ்டரும் இருக்கிறது. ஒரு பொத்தான் அழுத்தப்படும்போது கால் தாழும்படி பலகை இருந்தால், குறுக்கீட்டில் ஓடிவந்த டிரைவர் அந்தக் காலைப் படிக்கும்போது 0 தெரிய வேண்டும். அங்கே மின்னழுத்தம் என்பது உள்ளிருப்பவர் கண்ணால் காணும் பொருள். அதைக் கோரிக்கை என்று சுருக்கினால் பொய்யாகிவிடும். என் நிரலில் இப்போது இரண்டு தனித்தனி வகைகள் இருக்கின்றன, கோரிக்கை ஒன்று, கால்நிலை ஒன்று. ஒன்றை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிரல் தொகுக்கவே தொகுக்காது. இரண்டுக்கும் இடையே போக ஒரே ஒரு செயற்கூறு, அதற்குத் துருவத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

ஆர்மின் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியான ஜிஐசியில் சாதனங்களுக்கான பொதுக் குறுக்கீடுகள் உயர்ந்த நிலை அல்லது எழும் விளிம்பு மட்டுமே. தாழ்வைக் கேட்டால் லினக்ஸ் டிரைவர் மறுத்துவிடும். ரிஸ்க்-வி செயலிகளின் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியான ஏப்ளிக்கில் உயர்ந்த நிலை, தாழ்ந்த நிலை, எழும் விளிம்பு, விழும் விளிம்பு என நான்கு வகையும் உண்டு. அதன் விவரக்குறிப்பு, திருப்பிப் போட்டுச் சீராக்கிய பிறகு கிடைக்கும் உள்ளீட்டு மதிப்புக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறது. கம்பியில் இருப்பது வேறு, கோரிக்கை வேறு என்று விவரக்குறிப்பு எழுதியவர்களே பிரித்துச் சொன்னதைப் பார்த்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

புறக்கணிப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. இயங்குதளம் 13-ஆவது பிட்டில் எழுதிய 1-ஐத் தூக்கி எறிய முடியாது. திருப்பிப் படித்தால் 1 வர வேண்டும். இயந்திரத்தைச் சேமித்து எழுப்பினாலும் 1 இருக்க வேண்டும். எழுதியது நிலைத்ததா என்று சரிபார்க்கும் டிரைவர்கள் இருக்கலாம், பதிவைப் படித்து ஒரு பிட்டை மட்டும் மாற்றித் திரும்ப எழுதுபவையும் இருக்கலாம். வேண்டுமென்றே துருவத்தை மாற்றி மாற்றி எழுதி, குறுக்கீடு வருகிறதா என்று சோதிக்கும் நிரல் ஒன்று என் ஐஓ-ஏபிக் நிஜ சிப் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிடும். அதை ஏற்றுக்கொள்கிறேன். அட்டவணைகளில் உயர்ந்தால் அழைப்பு என்றே இன்னும் சொல்கிறேன், அட்டவணையை மதிப்பவர்களுக்கும் துருவ பிட் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால்.

அந்த வரியை நீக்கிய நாளில் மூன்று சோதனைகளை எழுதினேன். 13-ஆவது பிட்டை 1 ஆக்கி, சாதனம் எதுவும் கேட்காத நிலையில் காலைத் திறந்தால் ஒரு குறுக்கீடும் வரக் கூடாது. ஒரே காலில் இரண்டு சாதனங்கள் கேட்டு, ஒன்று மட்டும் விட்டால், முடிந்தது என்ற அறிவிப்புக்குப் பிறகு மீண்டும் சரியாக ஒரு குறுக்கீடு வர வேண்டும். மூன்றாவது, என்னை ஐந்து நாள் அலைக்கழித்த அந்த மெல்லிய இடைவெளி: டிரைவர் காரணத்தைப் படித்த பிறகு, அறிவிப்புக்கு முன், சாதனம் மீண்டும் கேட்க வேண்டும், அறிவிப்பு வந்த கணத்தில் குறுக்கீடு கிளம்ப வேண்டும். மூன்றையும் துருவம் 0-விலும் 1-இலும் ஓட்டுகிறேன். விடை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அன்று மாலை அந்தப் பழைய இயங்குதளத்தை எழுப்பி, பிங்கை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மின்விசிறி இரையவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன்: கால் 11, சாதனம் 1, துருவம் 1, முடிவு 1.